கருப்படித்த குரோம் கெட்டுப்போனால்: கடலோரக் கார்களுக்கு ஒரு வழிமுறை

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், ரோட்டோரத் தகரக் கொட்டகை ஒன்றில் ஸ்டிக்கர் வேலையும் டச்சப் பெயின்ட் வேலையும் செய்கிறேன். காரில் வெள்ளி மாதிரி மின்னும் குரோம் பாகங்களை ஸ்டிக்கரோ பெயின்ட்டோ போட்டுக் கருப்பாக்கித் தரச் சொல்லி வருகிறவர்களைவிட, எங்கோ கருப்பாக்கி அது கெட்டுப்போய் வருகிறவர்கள்தான் எனக்கு அதிகம். மதுரையில் ஒட்டிய கருப்பு, மதுரையில் ஓடும் காரில் நன்றாகவே இருக்கிறது. அதே ஆள் அதே ரோலில் வெட்டி ஒட்டியதுதான், ஆனால் பாம்பனில் நிற்கும் காரில் தென்மேற்குக் காற்று அடிக்கும் ஒரு கச்சான் காலம் தாண்டுவதற்குள் ஓரம் தூக்கிவிடுகிறது. நமக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் வண்டிமேல் படிவது உப்புதான். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே மேலே என்ன பூசினார்கள் என்று கேட்பதற்கு முன், அடியில் எதை விட்டுவிட்டுப் பூசினார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

உங்கள் வண்டியில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒரு சோதனை மட்டும் எல்லோருக்கும் பொது.

## முதலில்: அந்தக் குரோம் எதால் ஆனது?

ஒரு காந்தம் வேண்டும். விளம்பரத்துக்குக் கொடுக்கும் ஃபிரிட்ஜ் காந்தத்துக்குப் பலம் பத்தாது. பழைய ஸ்பீக்கரில் கழற்றியதைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள்.

காந்தம் ஒட்டாமல், நகத்தால் தட்டினால் டப்பா மாதிரி மந்தமாகச் சத்தம் வந்தால் பிளாஸ்டிக். கிரில், லோகோ, டிக்கிப் பட்டை, கதவுக் கைப்பிடி எல்லாம் பெரும்பாலும் இதுதான். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, நிக்கல், கடைசியில் குரோம் என்று அடுக்கி முலாம் பூசியிருப்பார்கள். பளபளக்கும் அந்த மேல் அடுக்கு ஒரு மைக்ரான்கூட இருக்காது.

கதவுக் கண்ணாடிக்குக் கீழே ஓடும் நீளப் பட்டை பல வண்டிகளில் எவர்சில்வர். சில ரகத்தில் காந்தம் ஒட்டும், சிலதில் ஒட்டாது. தட்டினால் கரண்டிச் சத்தம் கேட்கும். விலை கூடிய வெளிநாட்டு மாடல்களில் அலுமினியமும் உண்டு. அதில் காந்தம் ஒட்டாது, பளபளப்பும் கண்ணாடி போல இல்லாமல் பால் கலந்த மாதிரி இருக்கும். அம்பாசடர் காலத்து பம்பர் என்றால் இரும்பு.

இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலை ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பவுடர் கோட்டிங் நன்றாக நிற்கிறதே என்று ஒருவர் கிரில்லைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பவுடர் வேகும் அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை சூடேறும். ஏபிஎஸ் 100 டிகிரிப் பக்கத்திலேயே தளர்ந்துவிடும். நல்லவேளை, அடுப்புக்காரரே தட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பவுடர் கோட்டிங் உலோகத்துக்கு மட்டும்தான்.

## ஸ்டிக்கரின் ஓரம் தூக்குகிறது, மூலையில் வெள்ளிக் கோடு தெரிகிறது

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இதுதான். செலவில்லாத காரணத்திலிருந்து போவோம்.

தூக்கிய ஓரத்தை நகத்தால் இன்னும் கொஞ்சம் பிரித்துப் பசைப் பக்கத்தைப் பாருங்கள். பசைமேல் வெள்ளையாகத் தூளோ, பொடி மணலோ, எண்ணெய் மினுமினுப்போ இருந்தால், சரியாகக் கழுவாமல் ஒட்டியிருக்கிறார்கள். வாட்டர் சர்வீஸில் டயருக்கும் டாஷ்போர்டுக்கும் அடிக்கும் சிலிக்கான் பாலிஷ் பறந்து வந்து குரோமில் படிந்திருந்தாலும் இதே கதைதான். உப்பைத் தொட்ட பசை மறுபடி ஒட்டாது. ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) காட்டி அழுத்தினால் இரண்டு நாள் நிற்கும், அவ்வளவுதான். ஃபெவிகுயிக் வைத்து ஒட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அது குரோமோடு சேர்ந்து இறுகி, கடைசியில் பாகத்தையே மாற்ற வைக்கும். அந்தத் துண்டை மட்டும் முழுவதும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.

கழுவுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. நம் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். அதில் எத்தனை தடவை கழுவினாலும், காய்ந்ததும் அந்தத் தண்ணீரின் உப்பே மேலே நிற்கும். முதல் இரண்டு கழுவலுக்கு ஷாம்பு போட்டுப் போர் தண்ணீர் போதும். கடைசிக் கழுவல் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதா என்று என் வீட்டிலேயே திட்டு விழும். பட்டைகளுக்கு மட்டும்தானே, ஒரு வாளி தாராளம். துடைத்துக் காயவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். பட்டைக்கும் ரப்பருக்கும் நடுவே உள்ள சந்தில் பல்குத்தும் குச்சியில் துணி சுற்றி விட்டுப் பாருங்கள், எவ்வளவு மணல் வருகிறதென்று. தனுஷ்கோடிக்கு அடிக்கடி போய்வரும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் ரோட்டின் குறுக்கே மணல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பசை சுத்தமாக இருந்தும் தூக்கினால் வெட்டு எங்கே முடிகிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் விளிம்பிலேயே பிளேடு போட்டு வெட்டியிருந்தால் காற்றும் தண்ணீரும் நேராக அதில்தான் மோதும். 3 முதல் 5 மில்லிமீட்டராவது பட்டையின் பின்பக்கம், அல்லது ரப்பருக்கு அடியில், மடிந்து போயிருக்க வேண்டும். அதற்குப் பட்டையைக் கழற்ற வேண்டும், இல்லை ரப்பரை நெம்பித் தூக்க வேண்டும். அவசர வேலையில் இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

மடிப்பும் சரியாக இருந்து, மூலைகளில் மட்டும் ஒரே சீராகப் பின்வாங்கி வெள்ளிக் கோடு தெரிந்தால், ஒட்டும்போது அங்கே அதிகமாக இழுத்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் செய்யும் பிளாஸ்டிக்கான வினைல் தன் பழைய அளவுக்குத் திரும்பத்தான் பார்க்கும். இழுத்த இடத்தை ஒட்டி முடித்தபின் 90, 100 டிகிரி அளவுக்குச் சூடு காட்டி, அந்த வளைவிலேயே அமரவைக்க வேண்டும். கை வைத்துப் பார்த்து 'நல்ல சூடு' என்று சொல்வது இதற்குப் பத்தாது, வெப்பமானித் துப்பாக்கி வேண்டும். அடியில் பிளாஸ்டிக் என்றால் ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தவும் கூடாது.

எல்லாப் பக்கமும், நேரான இடத்தில்கூட, சுருங்கியிருந்தால் ரோலே மட்டம். காருக்கு ஒட்டுவது காஸ்ட் வினைல் என்ற ரகமாக இருக்க வேண்டும். போர்டு எழுதும் கடைகளில் இருக்கும் மலிவு ரகம் வெயிலில் சுருங்கும். ஒட்டுவதற்கு முன் ரோலின் பின்தாளைக் காட்டச் சொல்லுங்கள். த்ரீஎம், ஏவரி, ஓராகல் என்று பெயர் உள்ளவை பின்தாளில் அச்சடித்திருக்கும். வெறும் வெள்ளைத் தாள் என்றால் நான் ஒட்டச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதா? அங்கங்கே ஒட்டுப் போட்டுக் காலம் கடத்தாமல் மொத்தமாக உரித்துவிட்டு ஆரம்பிப்பதுதான் வழி.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: கண்ணாடிப் பட்டையின் கிளிப்புகள் ஒருமுறை கழற்றினால் பெரும்பாலும் உடையும், புதுக் கிளிப் கையில் இல்லாமல் நெம்பாதீர்கள். கூரைமேல் இருக்கும் ரூஃப் ரெயிலை நீங்களாகக் கழற்றவே வேண்டாம். பல வண்டிகளில் அதன் போல்ட் உள்கூரைத் துணிக்கு அடியில், பக்கவாட்டு ஏர்பேக் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

## ஸ்டிக்கருக்குள் குமிழ்

விரலால் அழுத்துங்கள். மெத்தென்று நகர்ந்தால் காற்று. ஒட்டிப் புதிதென்றால் சில நாள் வெயிலில் தானே அடங்கும். அடங்காவிட்டால் குண்டூசியால் ஓரத்தில் சாய்த்துக் குத்தி, வெளியிலிருந்து துளையை நோக்கித் தள்ளுங்கள்.

மழைக்குப் பின் மட்டும் உப்பி, வெயிலில் இறங்கினால் தண்ணீர் உள்ளே போகிறது. குத்துவதில் பலனில்லை, திறந்திருக்கும் ஓரத்தைத் தேட வேண்டும். மேலே சொன்ன தலைப்புக்குத் திரும்புங்கள்.

கடுகு மாதிரி கெட்டியாக ஒன்றோ இரண்டோ இருந்தால் மணல். பார்க்கச் சகித்தால் விட்டுவிடலாம். கூட்டமாக, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் மணல் இல்லை, அடியில் முலாம் அரிக்கிறது. 'கொப்புளமும் பொடியும்' என்ற தலைப்பைப் பாருங்கள்.

## கருப்புமேல் வெள்ளைப் புள்ளி, வெளுப்பு

பளபளப்புக் கருப்பில் எல்லாமே தெரியும். புள்ளியைத் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் உவர் தண்ணீர் காய்ந்த கறை. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், வண்டி குளிர்ந்திருக்கும்போது தொட்டு ஒரு நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போய்விட்டால் சரி. இனிமேல் கழுவியதும் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்; தானாகக் காயவிட்டால் மறுபடி வரும்.

சொரசொரப்பில்லாமல் சாம்பல் பூத்தது போலிருந்தால் வெயில். ரூஃப் ரெயில், பின்னால் பார்க்கும் கண்ணாடிக் கூட்டின் மேல்பக்கம் என்று வானத்தைப் பார்க்கும் இடங்கள் முதலில் வெளுக்கும். வினைல் கம்பெனிகளே படுக்கைப் பரப்புக்கு ஆயுளைக் குறைத்துத்தான் சொல்கின்றன. இதற்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

பளபளப்பில்லாத மேட் கருப்பில் பாலிஷ் போட்டுவிட்டு 'திட்டுத்திட்டாக மின்னுகிறது' என்று வருவார்கள். மேட்டுக்குப் பாலிஷே கிடையாது. அப்புறம், டீசல் தொட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகும் என்ற பழைய டிரைவர் வைத்தியம். ஆகும்தான், ஒரு நாளைக்கு. ஓரத்தில் இறங்கும் டீசல் பசையைக் குழைத்துவிடும்.

## பெயின்ட் தாள் தாளாக உரிகிறது

உரிந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால், குரோமைத் தேய்க்காமலே அடித்திருக்கிறார்கள். குரோம் வழுக்குப் பாறை, அதில் பெயின்ட்டுக்குப் பிடிமானம் இல்லை. மீதிப் பெயின்ட் நிற்கிறதா என்று பார்க்க, மறைவான ஓரத்தில் பிளேடால் சின்னதாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் மொத்தமும் போகப்போகிறது; உரிந்த இடத்துக்கு மட்டும் டச்சப் அடிப்பது வீண்.

வழி ஒன்றுதான். முழுவதும் எடுத்துவிட்டு, 600 அல்லது 800 நம்பர் வாட்டர் பேப்பரில் பளபளப்பு செத்து மங்கும்வரை தேய்க்க வேண்டும். மங்கினால் போதும்; மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ எட்டிப்பார்த்தால் முலாமைத் தாண்டிவிட்டீர்கள். பிறகு ஆல்கஹால் துடைப்பு, முலாமில் பிடிக்கக்கூடிய எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு, கருப்பு, கடைசியில் கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு. பெயின்ட்டை எடுக்க பிளாஸ்டிக் பாகத்தைத் தின்னரில் ஊறப்போட வேண்டாம். முன்பக்கத்தைக் குரோம் காப்பாற்றும், முலாம் இல்லாத பின்பக்கம் கரைந்து கிளிப் காதுகள் உடைந்துபோகும்.

உரியவில்லை, ஆனால் துடைக்கும்போது துணியில் கருப்பு வருகிறதா? மறைவிடத்தில் பெட்ரோல் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நிறம் இறங்கினால், பெயின்ட்டை இறுக வைக்கும் ஹார்டனர் கலக்காத டப்பா ஸ்பிரே. நம் பக்கக் காற்றுக்கு அது நிற்காது. ஹார்டனர் கலந்த கிளியர்தான் வேண்டும், அதை வீட்டு வாசலில் அடிக்கக்கூடாது. அதிலிருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது. இந்த இடத்தில் ஸ்பிரே அடிக்கத் தனி அறை வைத்திருக்கும் பெயின்ட் கடைதான் கதி. கழற்றி, தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி குறையும்.

## அடித்த அன்றே வெண்மை பூத்துவிட்டது

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வரும் புகார். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது, அதுதான் பூக்கிறது. லேசாக இருந்தால் வெயில் வந்ததும் மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மெல்லிசாக ஒரு கை அடிக்க, தெளிந்துவிடும். தெளியாவிட்டால் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அடைமழையில் பெயின்ட் வேலை எடுக்கிறவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

## கொப்புளமும் பொடியும்

இதற்குத்தான் நிறையப் பேர் தவறான கடையில் பணம் கொடுக்கிறார்கள். கருப்புக்கு அடியில் பொடிப்பொடியாகக் கொப்புளம். ஒன்றைப் பிளேடு முனையால் திறந்து உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள்.

பச்சை என்றால் பிளாஸ்டிக் பாகம், செம்பு அடுக்குவரை உப்பு இறங்கிவிட்டது. மேலே என்ன போட்டாலும் கீழே அரித்துக்கொண்டே இருக்கும். பட்டி வைத்து மழுப்பித் தருவார்கள், ஆறு மாதத்தில் பட்டியோடு சேர்ந்து கழன்றுவரும். பாகத்தை மாற்றுங்கள். மாற்றும்போது கருப்பாகவே வாங்கிவிடலாமே. டாடா ஹாரியரின் டார்க் எடிஷன் 2019-ல் வந்த பிறகு மற்றக் கம்பெனிகளும் கருப்புப் பதிப்புகளை விட்டிருக்கின்றன. உங்கள் மாடலுக்கும் அப்படி ஒன்று இருந்தால் அதன் கிரில் உங்கள் கிளிப் துளைகளிலேயே உட்கார வாய்ப்பு அதிகம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து உதிரிபாகக் கவுன்ட்டரில் கேளுங்கள். கிரில்லைப் பொறுத்தவரை, ஸ்டிக்கர் இரண்டு முறை ஒட்டி ஒரு முறை பெயின்ட் அடித்தவர்கள் கடைசியில் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். முதலிலேயே வந்திருந்தால் மலிவு.

வெள்ளைப் பொடி என்றால் அலுமினியம். பொடி போகும்வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர் போட வேண்டும். ஒரு இரவு திறந்து வைத்தால் மறுபடி ஆரம்பிக்கும். நீளப் பட்டையைக் கோணாமல் கழற்றித் தேய்ப்பது கஷ்டம், ஆளிடம் விடுங்கள்.

பழுப்பு, டீக்கறை மாதிரி, துடைத்தால் பாதி போகிறது என்றால் எவர்சில்வர். இதுதான் இருப்பதிலேயே நல்ல செய்தி. கறை மேலோடு மட்டும். கருப்பை எடுத்து, மெட்டல் பாலிஷில் துடைத்துக் கழுவினால் பட்டை புதிதாகிவிடும். பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கத் தகுந்ததும் இந்தப் பட்டைதான், ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் சேர்ந்திராவிட்டால்.

செம்பழுப்பில் செதில் செதிலாக என்றால் இரும்பு, பழைய பம்பர். முலாம் கடைக்குப் போகட்டும்.

குரோமைக் கரைத்து எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று பாத்ரூம் ஆசிட் ஊற்றியவர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். குரோம் கரையத்தான் செய்யும். கூடவே புகை நெஞ்சுக்குப் போகும், பக்கத்திலிருக்கும் போல்ட், பிராக்கெட் எல்லாம் ஒரே வாரத்தில் துருவேறும். வேண்டாம்.

கீழக்கரையில் ஒரு காக்காவின் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வண்டி. அவர் துபாயில் இருக்கிறார், வண்டி வருஷத்தில் பாதி நாள் கவருக்குள். 'மூடித்தானே வைத்தேன், எப்படிக் கொப்புளம் வந்தது?' என்று கேட்டார். துபாய்க்குக் கிளம்புகிற அன்று ஏர்வாடி போய்வந்து, கழுவாமல் அப்படியே கவரைப் போட்டிருக்கிறார். உப்பு, ஈரம், காற்றோட்டமில்லாத கவர். உள்ளே கருவாடு போடுகிற மாதிரிதான். கழுவி, காயவைத்து, பிறகு மூடுங்கள். முடியாவிட்டால் கவரில்லாமல் கூரைக்கடியில் நிற்பதே மேல்.

ராமேசுவரம் டாக்ஸிகளில் கதவுக் கைப்பிடிதான் முதலில் போகிறது. அக்னி தீர்த்தக் கடலில் முங்கிவிட்டு ஈரக் கையோடு கதவைத் திறக்கும் யாத்திரிகர்கள் ஒரு நாளில் எத்தனை பேர்! அந்த வண்டிகளுக்குக் கைப்பிடியைக் கருப்பாக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. கேட்டு நிற்பவர்களுக்கு நான் சொல்வது, கருப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி வாங்கிப் போடுங்கள்.

## உரிக்கும் ரப்பர் ஸ்பிரே: கிழிகிறது, உரிய மறுக்கிறது

பிளாஸ்டி டிப் வகை. தானே அங்கங்கே கிழிந்தாலும், உரிக்கும்போது துணுக்குத் துணுக்காக வந்தாலும் காரணம் ஒன்றுதான், மெல்லிசாக அடித்தது. நான்கைந்து கை அடிக்க வேண்டியதை இரண்டில் நிறுத்தியிருப்பார்கள். கழுவி, அதன்மேலேயே இன்னும் இரண்டு மூன்று கை அடித்துக் காயவிட்டால் தோல் தடித்து ஒரே தாளாக உரியும். பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் கரைந்து ஓடியிருந்தால் சிந்திய பெட்ரோல். அந்த இடத்தில் இந்த ஸ்பிரே வேண்டாம். ஆசைக்கு ஒரு மாதம் கருப்பாக வைத்துப் பார்க்க இது நல்ல வழி. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

## ஸ்டிக்கரை எடுத்தாகிவிட்டது, பசை போகவில்லை

குளிராக இருக்கும்போது வெடுக்கென்று இழுத்திருப்பீர்கள். இன்னும் எடுக்கவேண்டிய துண்டுகளுக்கு ஹேர் டிரையரில் சூடு காட்டி, பரப்போடு ஒட்டினாற்போல மடக்கி மெதுவாக இழுங்கள். நின்றுவிட்ட பசைக்கு நீலகிரித் தைலம் தொட்டுப் பத்து நிமிடம் விட்டு விரலால் உருட்டினால் வரும். பிறகு சோப்பு, பிறகு ஆல்கஹால். எண்ணெய்ப் பசை கொஞ்சம் நின்றாலும் அடுத்து ஒட்டுவது தூக்கிவிடும். பிளேடு வேண்டாம்.

## லோகோவைக் கருப்பாக்கியபின் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு

சில புதிய வண்டிகளில் முன் லோகோவுக்கோ கிரில்லுக்கோ பின்னால் ரேடார் இருக்கிறது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் வசதி அதை நம்பித்தான் ஓடுகிறது. லோகோமேல் தடித்த பெயின்ட்டோ உலோகத் தூள் கலந்த பெயின்ட்டோ போட்டால் ரேடாருக்குக் கண் மறையும். ஸ்டிக்கர் என்றால் உரித்துவிட்டு வண்டியை அணைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். விளக்கு போகாவிட்டாலோ, பூசியது பெயின்ட் என்றாலோ, நேராகக் கம்பெனி சர்வீஸுக்குப் போங்கள். லோகோவைக் கழற்றினால் ரேடாரைத் திரும்ப நேராக்கும் கருவி வேண்டும், அது என் கொட்டகையில் இல்லை.